இலவச ஆண்டிவைரஸ்: பணம் கட்டியது யார்?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஒரு பழமொழி உண்டு. சும்மா வந்த பொருளில் குறை தேடக் கூடாது என்பது அதன் பொருள். எல்லா இலவசத்துக்கும் இது பொருந்தலாம். வீட்டுக் கணினியில் நிறுவும் இலவச ஆண்டிவைரஸுக்கு மட்டும் பொருந்தவே பொருந்தாது!

காரணம் எளிமையானது. பாட்டுக் கேட்கும் மென்பொருளோ விளையாட்டோ தன் வேலையை மட்டும் பார்க்கும். ஆண்டிவைரஸ் அப்படி இருக்க முடியாது. கணினியில் உள்ள எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்த்தால்தான் அதற்கு வேலை நடக்கும். எந்த வலைத்தளத்துக்குப் போகிறீர்கள் என்பதைக் கவனிக்கும். சந்தேகம் வந்தால் கோப்பைத் தூக்கித் தனியே பூட்டி வைக்கும். சுருக்கமாகச் சொன்னால், வீட்டுச் சாவிக் கொத்தை மொத்தமாகக் கையில் வைத்திருக்கும் காவல்காரர் அது. அந்தக் காவல்காரர் சம்பளமே வேண்டாம் என்கிறார் என்றால், அவருக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில் தப்பில்லை.

சுமார் நாற்பது வருடங்களில் இந்தக் கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதில்கள் கிடைத்திருக்கின்றன. அந்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

வைரஸ் வந்த கதை

1971-ல் அமெரிக்காவில் பி.பி.என். நிறுவனத்தில் வேலை பார்த்த பாப் தாமஸ் என்பவர், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குத் தானாக நகரும் ஒரு நிரலை எழுதினார். பெயர் கிரீப்பர். அது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, திரையில் ஒரு வரியைக் காட்டியது, அவ்வளவுதான். அதைத் தேடிப் பிடித்து அழிக்க ரீப்பர் என்று இன்னொரு நிரலை எழுதினார் அதே நிறுவனத்தின் ரே டாம்லின்சன். மின்னஞ்சல் முகவரியில் @ குறியைப் போட்டவரும் இவர்தான். உலகின் முதல் ஆண்டிவைரஸ் என்று ரீப்பரைச் சொல்வதுண்டு.

1982-ல் ரிச் ஸ்க்ரென்டா என்ற 15 வயது பள்ளி மாணவர் ஆப்பிள் 2 கணினிக்காக எல்க் குளோனர் என்ற நிரலை எழுதினார். அது ஃபிளாப்பி வழியாகப் பரவியது. வைரஸ் என்ற பெயர் அடுத்த வருடம்தான் வந்தது. 1983-ல் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் கோஹன் என்ற ஆராய்ச்சி மாணவர் இப்படிப்பட்ட ஒரு நிரலைச் செய்து காட்டினார். அவருடைய ஆசிரியர் லியோனார்ட் ஏடில்மன் அதற்கு வைரஸ் என்று பெயர் வைத்தார்.

கோஹன் இன்னொரு முக்கியமான விஷயத்தையும் சொன்னார். எல்லா வைரஸ்களையும் ஒரு தவறும் இல்லாமல் கண்டுபிடிக்கும் நிரலை எழுதவே முடியாது என்று கணித முறைப்படி நிரூபித்தார். இதன் வணிகப் பொருளைக் கவனிக்க வேண்டும். ஆண்டிவைரஸ் என்பது ஒரு முறை செய்து விற்றுவிட்டு மறந்துவிடும் பொருள் கிடையாது. புது வைரஸ் வர வர அதற்கான மருந்தைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது செலவு நிற்கவே நிற்காது. இலவசமாகக் கொடுப்பவருக்கும் இதே நிலைதான்.

ஐ.பி.எம். வகைக் கணினிகளுக்கு முதல் வைரஸ் 1986-ல் பாகிஸ்தானின் லாகூரிலிருந்து வந்தது. பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதிய பிரெய்ன். தங்கள் மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகல் எடுப்பவர்களைப் பயமுறுத்தத்தான் எழுதியதாக அவர்கள் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், வைரஸுக்குள்ளேயே தங்கள் கடை முகவரியையும் தொலைபேசி எண்களையும் வைத்திருந்தார்கள்! ஃபிளாப்பியோடு ஃபிளாப்பியாக அது கடல் கடந்து போனது.

முதல் மருந்துகள்

1987-ல் வியன்னா என்று ஒரு வைரஸ் பரவியது. ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ண்ட் ஃபிக்ஸ் அதை அழிக்க ஒரு நிரல் எழுதினார். அடுத்த வருடம் அதே வைரஸ் செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு ஃபிளாப்பியில் இருந்தது. பிராக் நகரத்தில் கணித இயந்திரங்களுக்கான அரசு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த பாவெல் பவுடிஷ் கையில் அது கிடைத்தது. அவர் அதைப் பிரித்துப் பார்த்து, அழிக்க ஒரு நிரல் எழுதி, உடன் வேலை பார்த்த எட்வார்ட் குச்செராவிடம் காட்டினார். இருவரும் சேர்ந்து 1988-ல் ஆல்வில் என்ற பெயரில் தொழில் தொடங்கினார்கள்.

அப்போது அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி. தனியார் கம்பெனி தொடங்க வழியில்லை. அதனால் ஒரு கூட்டுறவு அமைப்பாகத்தான் பதிவு செய்தார்கள். 1989-ல் ஆட்சி மாறிய பிறகு, 1991-ல் அது கூட்டு நிறுவனமாக மாறியது. அவர்கள் செய்த மென்பொருளின் பெயர்தான் அவாஸ்ட். அதே 1991-ல், அதே நாட்டின் பிர்னோ நகரத்தில் யான் கிரிட்ஸ்பாக் என்பவர் கிரிசாஃப்ட் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அங்கிருந்து வந்தது ஏ.வி.ஜி. இரண்டு மென்பொருள்களும் ஒரே சின்ன நாட்டில் பிறந்தவை என்பது அவற்றைப் பயன்படுத்திய பல பேருக்குத் தெரியாது.

இந்தப் பக்கமும் சும்மா இல்லை. 1990-களின் தொடக்கத்தில் சென்னையில் ஜெ. கேசவர்தனன் கே7 கம்ப்யூட்டிங் கம்பெனியைத் தொடங்கினார். புனேயில் கால்குலேட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த கைலாஷ் காட்கரும் அவர் தம்பி சஞ்சய் காட்கரும் சேர்ந்து குவிக் ஹீலை உருவாக்கினார்கள். ஆனால் இவை காசுக்கு விற்கப்பட்டவை.

மெக்காஃபியின் யோசனை

இலவசத்தை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று இந்தத் தொழிலில் முதலில் பெரிதாகச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் ஜான் மெக்காஃபி. லாக்ஹீட் கம்பெனியில் வேலை பார்த்தபோது பிரெய்ன் வைரஸைப் பற்றிப் படித்த அவர், 1987-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். அன்றைக்கு இணையம் மக்களிடம் வரவில்லை. தொலைபேசி மூலம் மோடம் வைத்து இணையும் புல்லட்டின் போர்டுகள்தான் இருந்தன. மெக்காஃபி தன் வைரஸ்ஸ்கேன் மென்பொருளை அந்தப் போர்டுகளில் ஷேர்வேராகப் போட்டுவிட்டார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் என்ன லாபம்? வீட்டில் பழகியவர் அலுவலகத்திலும் அதையே கேட்பார். அலுவலகத்தில் பயன்படுத்த உரிமம் வாங்கியாக வேண்டும். பெரிய கம்பெனிகள் உரிமம் இல்லாமல் மென்பொருள் வைத்திருக்கப் பயப்படும். ஆக, வீட்டுக்காரருக்கு இலவசம், கம்பெனிக்குக் காசு. விளம்பரச் செலவு ஏறக்குறைய பூஜ்யம். ஐஸ்லாந்தின் ஃபிரிட்ரிக் ஸ்கூலாசன் எழுதிய எஃப்-பிராட் மென்பொருளின் டாஸ் பதிப்பும் இதே போல வீட்டு உபயோகத்துக்கு இலவசமாகக் கிடைத்தது.

இந்த முறையில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருந்தது. மக்கள் பயப்படப் பயப்படத்தான் விற்பனை. 1992 மார்ச் 6-ஆம் தேதி மைக்கேலாஞ்சலோ என்ற வைரஸ் வெடிக்கப் போகிறது, 50 லட்சம் கணினிகள் வரை பாதிக்கப்படலாம் என்று மெக்காஃபியின் மதிப்பீடு பத்திரிகைகளில் வந்தது. அந்த நாள் வந்து போனது. பாதிக்கப்பட்ட கணினிகள் சில ஆயிரங்களில்தான் இருந்தன. ஆனால் அதற்குள் ஆண்டிவைரஸ் விற்பனை எகிறிவிட்டது. மெக்காஃபி 1994-ல் கம்பெனியை விட்டு விலகினார். அவர் பெயர் மட்டும் டப்பாவில் நிலைத்தது.

பயம் நிஜமான வருடங்கள்

1990-களின் கடைசியில் வைரஸ் என்பது பூச்சாண்டி இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சி.ஐ.எச். வைரஸ் 1999 ஏப்ரல் 26 அன்று வெடித்தது. செர்னோபில் விபத்தின் ஆண்டு நாளும் அதுவே என்பதால் செர்னோபில் வைரஸ் என்றும் பெயர் வந்தது. அது வன்தட்டில் இருப்பதை அழித்ததோடு, மதர்போர்டில் உள்ள பயாஸையும் கெடுத்தது. பயாஸ் போய்விட்டால் கணினி உயிரே பெறாது. ஆசிய நாடுகள் பலவற்றில் நிறையக் கணினிகள் இப்படிச் செத்தன.

2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ லவ் யூ வந்தது. காதல் கடிதம் என்று நினைத்து மின்னஞ்சல் இணைப்பைத் திறந்தவர்கள் உலகம் முழுக்க மாட்டிக்கொண்டார்கள். எழுதிய மாணவரைத் தண்டிக்க அந்த நாட்டில் அப்போது சட்டமே இல்லை. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர், 2004-ல் சாசர் என்ற புழுக்கள் வந்தன. இவற்றுக்கு நீங்கள் எதையும் திறக்கக்கூட வேண்டாம். இணையத்தில் இணைந்திருந்தாலே போதும்!

இங்கேதான் ஒரு பொருளாதாரக் கருத்து வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் அம்மை குத்திக்கொள்ளவில்லை என்றால் அது அவர் பிரச்சினை மட்டும் அல்ல, தெருவுக்கே பிரச்சினை. பாதுகாப்பு இல்லாத ஒரு கணினி, பிளாஸ்டர் போன்ற புழுவைப் பிடித்துக்கொண்டு மற்ற கணினிகளைத் தாக்கியது. எனவே காசு கொடுக்க முடியாதவரின் கணினியில் ஒரு ஆண்டிவைரஸ் இருப்பது காசு கொடுத்தவருக்கும் நல்லது. இலவச ஆண்டிவைரஸ் செய்த பெரிய சேவை இதுதான். அதன் பிற்காலக் கதை எப்படிப் போனாலும் இதை மறுக்க முடியாது.

ஏன் இலவசமாகக் கொடுத்தார்கள்?

2000-ஐ ஒட்டி ஏ.வி.ஜி. தன் இலவசப் பதிப்பை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியிட்டது. 2001-ல் ஆல்வில் கம்பெனி பணக் கஷ்டத்தில் இருந்தது. கடை வீதிகளில் நார்ட்டனும் மெக்காஃபியும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பிராகிலிருந்து ஒரு சின்னக் கம்பெனி அந்த அலமாரியில் இடம் பிடிப்பது நடக்காத காரியம். அதனால் அவாஸ்டின் வீட்டுப் பதிப்பை இலவசமாக விட்டுவிட்டார்கள். பலன்? 2004-ல் 10 லட்சம் பேர், 2006-ல் 2 கோடி பேர் அவாஸ்ட் பயன்படுத்தினார்கள். ஜெர்மனியின் அவிராவும் குடைச் சின்னத்தோடு இலவசப் பதிப்பைக் கொடுத்தது.

இதன் கணக்கு சுவையானது. ஒரு புது வைரஸைப் பிரித்துப் பார்த்து அதன் அடையாளத்தைக் கண்டுபிடிக்க ஒரு பொறியாளருக்கு ஆகும் செலவு, 100 பேர் பயன்படுத்தினாலும் ஒன்றுதான், 1 கோடிப் பேர் பயன்படுத்தினாலும் ஒன்றுதான். கூடுதலாக ஒருவருக்குக் கொடுக்க ஆகும் செலவு மிகமிகக் குறைவு. 2 கோடிப் பேரில் நூற்றுக்கு 2 பேர் மட்டும் கட்டணப் பதிப்புக்கு மாறினார்கள் என்று வைத்துக்கொள்வோம். 4 லட்சம் வாடிக்கையாளர்கள்! அவர்களைப் பிடிக்க விளம்பரமே தேவையில்லை. அது போக, கோடிக்கணக்கான கணினிகள் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து புது வைரஸ்களைப் பிடித்து அனுப்பும். பயன்படுத்துபவர்களே கம்பெனிக்கு ஒற்றர்கள்.

ஆக, இந்தக் காலத்தில் இலவச ஆண்டிவைரஸுக்குப் பணம் கட்டியவர்கள் இரண்டு வகை. கட்டணப் பதிப்பு வாங்கிய சில வீட்டுக்காரர்கள், உரிமம் வாங்கிய கம்பெனிகள். வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே இலவசம் என்று உரிமத்தில் தெளிவாக எழுதியிருக்கும். கடையிலும் பிரவுசிங் சென்டரிலும் போட்டுக்கொள்ள அனுமதி கிடையாது. அந்த வரியைப் படித்தவர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

சென்னை கே7-க்கும் இந்தக் கதையில் ஒரு வித்தியாசமான இடம் உண்டு. ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் கம்பெனி, கே7 தொழில்நுட்பத்தை வைத்து 2006-ல் ஒரு ஆண்டிவைரஸ் விற்றது. ஒரு தடவை வாங்கினால் போதும், வருடா வருடம் புதுப்பிக்கும் கட்டணம் கிடையாது. அதுவரை வருடச் சந்தாவே வழக்கம் என்றிருந்த சந்தையில் இது பெரிய அதிரடி. இலவசத்துக்கும் சந்தாவுக்கும் நடுவில் ஒரு வழி.

வீட்டுக்கு வந்த ஆண்டிவைரஸ்

2000-களில் ஒரு வீட்டுக் கணினியில் ஆண்டிவைரஸ் போடுவது இன்று போல இரண்டு நிமிட வேலை இல்லை. 56 கே டயல்-அப் இணைப்பில் கணக்குப்படி பார்த்தாலே விநாடிக்கு 7 கிலோபைட்தான் வரும். 20 மெகாபைட் கோப்பு ஒன்றைத் தரவிறக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் போச்சு. அதனால் கணினிப் பத்திரிகைகளோடு வரும் சி.டி.தான் பல வீடுகளுக்குக் கைகொடுத்தது. கணினியை அசெம்பிள் செய்து தருபவரே ஒரு இலவச ஆண்டிவைரஸைப் போட்டுக் கொடுப்பதும் வழக்கம். 2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 இதற்கு இன்னொரு உந்துதல். ஆண்டிவைரஸ் இல்லை என்றால் திரையின் ஓரத்தில் சிவப்புக் கேடயம் காட்டி எச்சரிக்கும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. அவாஸ்டை நிறுவியதும் மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதிவு செய்து இலவச எண் வாங்க வேண்டும், காலம் முடிந்ததும் மறுபடி வாங்க வேண்டும். வைரஸ் பட்டியல் புதுப்பிக்கப்பட்டது என்று அது ஆங்கிலத்தில் குரல் கொடுக்கும். வைரஸ் அகப்பட்டால் சைரன் ஒலி! விண்டோஸ் எழும் முன்பே வன்தட்டைச் சோதிக்கும் வசதியும் அதில் இருந்தது. அவிரா, புதுப்பிக்கும்போதெல்லாம் கட்டணப் பதிப்பு வாங்குங்கள் என்று ஒரு பெரிய ஜன்னலைத் திறக்கும். பிடிபட்ட கோப்பைப் பூட்டி வைக்கும் இடத்துக்கு அவாஸ்டில் பெட்டி, ஏ.வி.ஜி.யில் பெட்டகம் என்று பெயர்.

அன்றைக்கு முக்கிய எதிரி பென் டிரைவ்தான். ஃபிளாப்பி காலத்தில் பிரெய்ன் பரவிய அதே வழி, வடிவம் மட்டும் வேறு. பென் டிரைவைச் செருகியதும் அதிலுள்ள ஆட்டோரன் கோப்பை விண்டோஸ் தானாகப் படிக்கும். வைரஸ் எழுதியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோப்புறை போலவே படம் வைத்த நிரல்கள் வந்தன. கோப்புறை என்று நினைத்து இரண்டு தடவை கிளிக் செய்தால் முடிந்தது கதை. 2008 நவம்பரில் வந்த கான்ஃபிக்கர் புழுவும் நெட்வொர்க் வழியோடு பென் டிரைவ் வழியையும் பயன்படுத்தி லட்சக்கணக்கான கணினிகளைப் பிடித்தது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7-ல் இந்த வழியை அடைத்தது. பழைய எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் 2011 பிப்ரவரியில்தான் அந்த மாற்றம் தானியங்கிப் புதுப்பிப்பில் வந்தது. திறக்கும் முன் பென் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து ஸ்கேன் கொடுப்பது என்ற பழக்கம் அந்த வருடங்களில் வந்ததுதான்.

ஒன்று போதாது என்று இரண்டு ஆண்டிவைரஸ் போட்டவர்களும் உண்டு. இரண்டுமே ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது குறுக்கே வந்து நிற்கும். ஒன்றின் வைரஸ் பட்டியலை இன்னொன்று வைரஸ் என்று நினைக்கும். 256 எம்.பி. ராம் உள்ள கணினி தவழ ஆரம்பித்துவிடும். இரண்டு காவல்காரர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சண்டை போட்டால் திருடனுக்குக் கொண்டாட்டம்தான்.

காவல்காரரே தவறு செய்தால்? அதுவும் நடந்தது. 2008 நவம்பரில் ஏ.வி.ஜி. ஒரு புதுப்பிப்பில், விண்டோஸ் எக்ஸ்பிக்கு மிக அவசியமான யூசர்32.டி.எல்.எல். என்ற கோப்பை வைரஸ் என்று காட்டியது. சில ஐரோப்பிய மொழிப் பதிப்புகளில் அதை நம்பி அழித்தவர்களின் கணினி எழவே இல்லை. காசு வாங்கும் மென்பொருளுக்கும் இதே கதை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் ஒரு புதுப்பிப்பு எஸ்.வி.சி.ஹோஸ்ட் கோப்பை வைரஸ் என்று எடுத்துக்கொண்டு, பல நிறுவனங்களின் எக்ஸ்பி கணினிகளை முடக்கியது. சாவிக் கொத்து கையில் இருக்கும்போது சின்னத் தவறும் பெரிய சேதம் என்பதற்கு இவை உதாரணம்.

மைக்ரோசாஃப்ட் உள்ளே வந்தது

விண்டோஸில் உள்ள ஓட்டைகளால் வரும் தொல்லைக்கு மருந்தை விண்டோஸ் செய்தவரே தரக் கூடாதா என்று மக்கள் கேட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 2003-ல் ருமேனியாவின் கீகாட் கம்பெனியிடமிருந்து ஆண்டிவைரஸ் தொழில்நுட்பத்தை வாங்கியது. 2006-ல் ஒன்கேர் என்ற பெயரில் வருடம் 49.95 டாலருக்கு விற்றது. பெரிதாக ஓடவில்லை. 2009 செப்டம்பர் 29 அன்று செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற பெயரில் முற்றிலும் இலவசமாக வெளியிட்டது. விளம்பர ஜன்னல் இல்லை, பதிவு எண் இல்லை. ஆனால் அசல் விண்டோஸாக இருக்க வேண்டும். நகல் விண்டோஸ் போட்ட கணினிகள் ஏராளமாக இருந்த இந்தியா போன்ற நாடுகளில் அவாஸ்டும் ஏ.வி.ஜி.யும் தொடர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2012 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 8-ல் டிஃபெண்டர் என்ற பெயரில் ஆண்டிவைரஸ் உள்ளேயே வந்துவிட்டது. நிறுவவே வேண்டாம். இதற்குப் பணம் கட்டியவர் விண்டோஸ் வாங்கியவர். அதாவது ஆண்டிவைரஸ் விலை விண்டோஸ் விலைக்குள் கரைந்துவிட்டது. இலவச ஆண்டிவைரஸை வைத்துப் பிழைத்த கம்பெனிகளுக்கு இது பெரிய அடி. சும்மா கொடுப்பவரோடு போட்டி போடலாம். வீட்டுக்குள்ளேயே குடியிருப்பவரோடு எப்படிப் போட்டி போடுவது?

வேலியே பயிரை மேய்ந்தது

அப்போது கம்பெனிகள் வேறு வருமானம் தேடின. முதலில் வந்தவை கருவிப்பட்டைகள். ஆண்டிவைரஸ் நிறுவும்போது ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டே இருக்கும். கவனிக்காமல் அடுத்து, அடுத்து என்று அமுக்கினால் உலாவியின் தேடுபொறி மாறிவிடும், அல்லது கூடவே இன்னொரு மென்பொருள் வந்து உட்காரும். அவாஸ்டோடு கூகிள் குரோம் வந்ததும், அவிராவோடு ஆஸ்க் கருவிப்பட்டை வந்ததும் இப்படித்தான். ஏ.வி.ஜி.யின் வருமானத்தில் கணிசமான பகுதி தேடல் மூலம் வந்தது.

அடுத்த படி இன்னும் பெரியது. 2013-ல் அவாஸ்ட் ஜம்ப்ஷாட் என்ற சின்னக் கம்பெனியை வாங்கியது. அது பிறகு தகவல் விற்கும் கம்பெனியாக மாறியது. எந்தத் தகவல்? அவாஸ்ட் பயன்படுத்தியவர்கள் எந்தெந்த வலைப்பக்கங்களைப் பார்த்தார்கள், எதைத் தேடினார்கள், எந்த நேரத்தில் கிளிக் செய்தார்கள் என்ற தகவல். ஆபத்தான தளத்தைத் தடுக்க வேண்டும் என்றால் ஆண்டிவைரஸ் முகவரியைப் பார்த்தே ஆக வேண்டும். அந்த அனுமதியை வைத்துத்தான் இது நடந்தது. 10 கோடிச் சாதனங்களின் தகவல் தன்னிடம் இருப்பதாக ஜம்ப்ஷாட் விளம்பரம் செய்தது. 2019-ல் அதன் 35 சதவீதப் பங்கு 6 கோடி டாலருக்குச் சற்று மேலான விலைக்குப் போனது.

இதற்கிடையில் 2016-ல் அவாஸ்ட், ஏ.வி.ஜி.யை 130 கோடி டாலருக்கு வாங்கிவிட்டிருந்தது. இரண்டு பழைய போட்டியாளர்களும் ஒரே கூரைக்குக் கீழே.

2019 அக்டோபரில் விளாடிமிர் பாலன்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், அவாஸ்டின் உலாவி நீட்சிகள் தேவைக்கு மேல் தகவல் அனுப்புவதை விரிவாக எழுதினார். டிசம்பரில் மோசில்லா தன் தளத்திலிருந்து அந்த நீட்சிகளை நீக்கியது. 2020 ஜனவரியில் மதர்போர்டும் பி.சி.மேக்கும் சேர்ந்து ஜம்ப்ஷாட் வியாபாரத்தை அம்பலப்படுத்தின. பெயரும் மின்னஞ்சலும் நீக்கிவிட்டுத்தான் விற்கிறோம் என்பது கம்பெனியின் வாதம். ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு அடையாள எண், ஒவ்வொரு கிளிக்குக்கும் துல்லியமான நேரம் இருந்தது. ஒரு கடையின் விற்பனைப் பதிவோடு அந்த நேரத்தை ஒப்பிட்டால் ஆள் யார் என்று கண்டுபிடித்துவிடலாம். கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். இரண்டு பேரேடுகளில் ஒரே தேதி, ஒரே நேரம் இருந்தால் பெயர் எதற்கு?

செய்தி வந்த சில நாட்களிலேயே ஜம்ப்ஷாட்டை மூடுவதாக அவாஸ்ட் அறிவித்தது. வழக்கு விடவில்லை. அமெரிக்காவின் எஃப்.டி.சி. 2024 பிப்ரவரியில் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. உலாவல் தகவலை விளம்பரத்துக்காக விற்கவும் தடை போட்டது. ஜம்ப்ஷாட் நூறுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தகவல் விற்றதாக அதன் குற்றச்சாட்டு. அதே வருடம் செக் நாட்டின் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் 35 கோடியே 10 லட்சம் கொருனா அபராதம் போட்டது. யாரும் உங்களைப் பின்தொடராமல் காக்கிறோம் என்று சொன்ன மென்பொருள்தான் பின்தொடர்ந்தது என்பதே எஃப்.டி.சி.யின் முக்கியப் புகார். ஒரு பழைய கூட்டுறவு அமைப்பு எங்கிருந்து எங்கே வந்து நின்றது பாருங்கள்.

பிறகு கம்பெனிகள் மேலும் ஒன்றாகின. நார்ட்டன்லைஃப்லாக் 2020 டிசம்பரில் அவிராவை 36 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2022 செப்டம்பரில் அவாஸ்டோடு இணைந்தது. புதுப் பெயர் ஜென் டிஜிட்டல். ஒரு காலத்தில் எதிரெதிரே நின்ற நார்ட்டன், அவாஸ்ட், ஏ.வி.ஜி., அவிரா நான்கும் இப்போது ஒரே முதலாளியின் சரக்கு.

இதற்கு மாறாக ஒரு வழியும் உண்டு. போலந்தின் தோமாஷ் கோய்ம் தொடங்கிய கிளாம்ஏ.வி. திறந்த மூல மென்பொருள். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். 2007-ல் சோர்ஸ்ஃபயர் வாங்கி, 2013-ல் சிஸ்கோ கைக்குப் போன பிறகும் அது திறந்த மூலமாகவே இருக்கிறது. அஞ்சல் சேவையகங்களில்தான் அதற்கு அதிகப் பயன்.

வரலாறு சொல்லும் பாடம்

மொத்தமாகத் திரும்பிப் பார்த்தால், இலவச ஆண்டிவைரஸுக்குப் பணம் கட்டியவர்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறார்கள். முதலில் உரிமம் வாங்கிய கம்பெனிகள். பிறகு கட்டணப் பதிப்புக்கு மாறிய சிலர். பிறகு தேடுபொறிகளும் விளம்பரக்காரர்களும். விண்டோஸ் விலையில் சேர்ந்து கட்டியவர்கள் ஒரு பக்கம். ஜம்ப்ஷாட் காலத்தில் பணத்துக்குப் பதில் தங்கள் உலாவல் வரலாற்றையே தங்களுக்குத் தெரியாமல் கட்டிய சாதாரண வீட்டுக்காரர்கள் இன்னொரு பக்கம்.

இதற்காக எல்லா இலவசமும் மோசம் என்று முடிவு கட்டக் கூடாது. காசு கொடுத்து வாங்க முடியாத கோடிக்கணக்கான வீடுகளை பிளாஸ்டர் காலத்திலும் பென் டிரைவ் காலத்திலும் காப்பாற்றியவை இந்த மென்பொருள்கள்தான். ஆனால் நிறுவும் முன் நாலு விஷயம் பார்ப்பது நல்லது. விண்டோஸ் 10, 11 போன்றவற்றில் டிஃபெண்டர் ஏற்கெனவே இருக்கிறது, இன்னொன்று உண்மையில் தேவையா? நிறுவும்போது முன்கூட்டியே டிக் போட்ட கட்டங்கள் எவை? தகவல் பகிர்வு பற்றிய அமைப்பு எங்கே இருக்கிறது, அதை அணைக்க முடியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கம்பெனி எதை விற்றுச் சம்பாதிக்கிறது? கடைசிக் கேள்விக்குப் பதில் தெளிவாகக் கிடைக்கவில்லை என்றால், விற்கப்படும் சரக்கு உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கலாம்.

தானம் கொடுத்த மாடாக இருந்தாலும் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டே தொழுவத்தில் கட்டுங்கள். கொடுத்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் நல்லவராக இருந்தால்!